பழைய டீசல் கார்: ஸ்பானரை எங்கே நிறுத்துவது?

வாரக்கடைசி மெக்கானிக்:

காலையில் பதினைந்து, இருபது விநாடி செல்ஃப் அடித்த பிறகே என் கார் ஸ்டார்ட் ஆகும். ஆனதும் பின்னால் வெண்புகை திரையாக எழும்பும். அதன் பிறகு அன்று முழுவதும் சாவியைத் திருப்பிய கணமே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். 1990களில் வந்த, ரோட்டரி பம்ப் (சுழன்றபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) பொருத்திய நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் அது. காலையில் மட்டும் வரும் தொல்லை என்பதால் குளிர்ந்த இன்ஜினில் சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளைத்தான் முதலில் சந்தேகித்தேன். மல்டிமீட்டரில் நான்குமே ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்டி, தங்கள்மீது குற்றமில்லை என்று சொல்லிவிட்டன. பட்டறை ஒன்றில் காட்டியபோது, பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல், பம்ப் தேய்ந்துவிட்டது, இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்றார்கள்.

நான் வீட்டுக்கு வந்து, பம்புக்கு டீசல் கொண்டுவரும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அந்த இடத்தில் மாட்டினேன். இன்ஜின் ஓடும்போது அதில் ஒரு குமிழிகூட இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால், இரவு நிறைந்திருந்த குழாயில் ஒரு விரல் நீளத்துக்கு டீசலே இல்லை. ஓடும்போது குமிழி வந்தால், டேங்கிலிருந்து உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது என்று பொருள். நின்ற பிறகு மட்டும் குழாய் காலியானால், எங்கிருந்தோ காற்று மெல்ல நுழைய, டீசல் இரவெல்லாம் டேங்குக்கே இறங்கிவிடுகிறது என்று பொருள். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் ரிட்டர்ன் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன். கடைசி இன்ஜெக்டரின் முனையை அடைத்திருந்த சிறு ரப்பர் மூடி, நகம் பட்டதும் வாய் பிளந்தது. அதைச் சுற்றி டீசல் ஈரமும் தூசியும் சேர்ந்து கரிய பசையாகப் படிந்திருந்தன. சுண்டுவிரல் நுனி அளவு ரப்பர்தான். மாற்றியதும், மறுநாள் காலையில் செல்ஃப் அடித்த இரண்டாவது விநாடியே இன்ஜின் பிடித்தது.

என் வாதம் இதுதான்: பழைய டீசல் கார், அதன் சொந்தக்காரரே முழுமையாகப் புரிந்துகொண்டு பழுதுபார்க்கக்கூடிய கடைசி வாகனம். ஸ்பார்க் பிளக் கிடையாது, காயில் கிடையாது; காற்றும், அதை இறுக்கும் கம்ப்ரஷனும், சரியான நேரத்தில் டீசலும் இருந்தால் அது ஓடியே தீரும். பழைய டீசல் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போவதையே நிறுத்திவிடலாம்.

பம்ப் பட்டறை:

ரப்பர் மூடியைக் கண்டுபிடித்தது நல்ல வேலை. ஏர் பிடிக்கிறதா என்று பார்க்காமல் பம்பைக் குறைசொன்ன அந்தப் பட்டறையை நானும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒரு மூடியிலிருந்து உங்கள் கடைசி வாக்கியத்துக்குத் தாவியிருப்பதை ஏற்க முடியவில்லை. டீசல் பம்புகளையும் இன்ஜெக்டர்களையும் சீர்செய்வதே என் தொழில். வீட்டில் பிரித்துவிட்டு, திரும்பச் சேர்க்கத் தெரியாமல், பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன்.

ரோட்டரி பம்பினுள் டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடும் துளைக்கும் இடையே இருப்பது சில மைக்ரான் இடைவெளி மட்டுமே. தலைமுடியின் தடிமன் அதைப் போலப் பல மடங்கு. சாதாரணப் பருத்தித் துணியால் துடைத்தாலே ஓர் இழை உள்ளே தங்கிவிடும். அந்தப் பம்புக்குத் தனியாக ஆயில் ஊற்றுவதும் இல்லை. உள்ளே ஓடும் டீசலே அதற்கு மசகு. ஒரு கீறல் விழுந்தால் அழுத்தம் கசியும். சூடான இன்ஜினில் டீசல் இளகும்போது அந்தக் கசிவு இன்னும் கூடும். வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகி, மதியம் ஆகாமல் நிற்கும். இதை எந்த வீட்டு மேஜையிலும் அளக்க முடியாது.

ஹீட்டர் பிளக் விஷயத்தில் நீங்கள் அளந்து பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டீர்கள். பலர் அளப்பதே இல்லை, நேராகக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். பல ஆண்டுக் கரியும் துருவும் பிடித்த பிளக்கில், குளிர்ந்த இன்ஜினில், நீளக் கைப்பிடியைப் போட்டு இழுத்தால், சிறு சொடுக்குச் சத்தத்தோடு மேல்பாதி கையோடு வரும். கீழ்ப்பாதி இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டிலேயே நின்றுவிடும். அதை எடுக்க ஹெட்டையே இறக்கியவர்கள் உண்டு. துருவை இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் ஊறவிட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது, திருகும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் வரம்பு வைத்து, முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்ற வேண்டிய பொருள் அது.

வாரக்கடைசி மெக்கானிக்:

ஐயா, நீங்கள் சொல்லும் இரண்டும் அவசரத்தின் குற்றங்கள். வீட்டில் வேலை செய்வதன் குற்றங்கள் அல்ல. வேலை தெரிந்தவரும் அவசரத்தில் பிளக்கை உடைப்பார். சொல்லப்போனால் அடுத்த வண்டி காத்திருக்கும் பட்டறையில்தான் இரண்டு நாள் ஊறவிட நேரம் இருக்காது. வீட்டில் எனக்கு ஒரு மாதமே இருக்கிறது.

பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க், வால்வுகளைத் திறக்கும் கேம், டீசல் பம்ப் மூன்றையும் ஒத்துச் சுழலவைக்கும் டைமிங் பெல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையது போன்ற டீசல் இன்ஜினில் கம்ப்ரஷன் (காற்று இறுக்கப்படும் விகிதம்) 22:1 அளவில் இருப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே அநேகமாக இடமே இருக்காது; பெல்ட் அறுந்தாலோ ஒரு பல் தவறினாலோ வால்வும் பிஸ்டனும் மோதும். பயங்கரமான வேலை என்று சொல்லி எல்லாரும் பயமுறுத்தினார்கள். கிராங்க், கேம், பம்ப் மூன்றையும் அவற்றுக்குரிய பின்களால் பூட்டி, பெல்ட்டோடு டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் மாற்றி, பின்களை எடுத்த பிறகு கிராங்கை ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினேன். எங்காவது கட்டியாகத் தட்டுப்பட்டால் நிறுத்த வேண்டும் என்பதற்காகவே கையால் சுற்றுவது. தட்டுப்படவில்லை, மூன்று குறிகளும் நேருக்கு நேராக வந்து நின்றன. அதற்குப் பிறகுதான் சாவியைத் தொட்டேன்.

பம்ப் பட்டறை:

பெல்ட் வேலையை நீங்கள் செய்த முறையில் குறைசொல்ல ஒன்றுமில்லை. பூட்டும் பின் இல்லாமல் பெயிண்ட் அடையாளம் வைத்துச் செய்பவர்களுக்காகத்தான் பயமுறுத்துகிறோம்.

கரும்புகை எதிரி:

நீங்கள் இருவரும் இன்ஜின் ஓடுமா என்பதை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டில் பழுதுபார்ப்பவர்கள் அனைவரும் பழுது மட்டும் பார்ப்பதில்லை. பிக்கப் குறைகிறது என்று பம்பின் தலையில் இருக்கும் முழுச்சுமை ஸ்குரூவைத் திருகி, டீசல் அளவைக் கூட்டிவிடுகிறார்கள். உள்ளே போகும் காற்று கூடவில்லை என்பதால், எரியாத டீசல் கரும்புகையாக வெளியேறுகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே வகைப்படுத்திவிட்டது. ஓட்டுபவர் அந்தப் புகையை விட்டுவிட்டு முன்னால் போய்விடுகிறார்; பின்னால் வருபவர்தான் சுவாசிக்கிறார். ஆகவே பழைய டீசலை வீட்டில் பராமரிப்பதை ஒரு கலையாகக் கொண்டாடும்போது எனக்கு நெருடுகிறது.

வாரக்கடைசி மெக்கானிக்:

முத்திரையிட்ட அந்த ஸ்குரூவைத் தொடக்கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கரும்புகைக்கு முதல் காரணம் பெரும்பாலும் அடைபட்ட ஏர் ஃபில்டரும், இன்ஜெக்டர் முனையில் சொட்டும் நாசிலும்தான். பராமரிக்காத டீசல்தான் புகைக்கிறது. பராமரிப்பவரை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

கரும்புகை எதிரி:

நாசில் சொட்டுகிறது என்பதை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அதற்கு விடை சொன்னால் கூண்டிலிருந்து இறக்குகிறேன்.

வாரக்கடைசி மெக்கானிக்:

எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் ஆகிறது, அதாவது அதில் டீசல் சரியாக எரியவில்லை, என்பதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை ஸ்பானரால் அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் உடனே தடுமாறும். கெட்ட சிலிண்டர் என்றால் சத்தத்தில் மாற்றமே இருக்காது. நட்டை மீண்டும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பிறகு அந்த நாசிலை மட்டும் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினால் போதும். பழைய டீசலில் யாரும் செய்யக்கூடிய சோதனை இது.

புதுக்கை:

வணக்கம். நான் இந்த வேலைக்குப் புதியவன். என்னிடம் இருப்பதும் இருபது ஆண்டு கடந்த டீசல் கார்தான். ஐடிலிங்கில் அதிர்கிறது, சூடானதும் ஸ்டார்ட் ஆகத் தாமதமாகிறது. வாரக்கடைசி மெக்கானிக் அவர்கள் சொன்ன நட்டுச் சோதனையை நாளைக் காலையில் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். எந்த அளவு ஸ்பானர் வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பம்ப் பட்டறை:

நண்பரே, ஸ்பானரைக் கீழே வையுங்கள். முதலில் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிடாமல், பார்த்து மட்டும் சொல்லுங்கள்: ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் மின்வயர் மாட்டிய சாக்கெட் இருக்கிறதா? நான்கு இரும்புக் குழாய்களும் பம்பிலிருந்து தனித்தனியாக வருகின்றனவா, அல்லது ஒரு தடித்த குழாயிலிருந்து கிளை பிரிகின்றனவா?

புதுக்கை:

தலையில் சாக்கெட் இருக்கிறது. நான்கும் ஒரே தடித்த குழாயிலிருந்துதான் வருகின்றன.

பம்ப் பட்டறை:

அது காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்குமான டீசலை ஒரே தடித்த குழாயில் அழுத்தித் தேக்கிவைக்கும் அமைப்பு. வாரக்கடைசி மெக்கானிக் அவர்களே, என் மறுப்பின் மையம் இதுதான். நீங்கள் "பழைய டீசல்" என்று எழுதும்போது உங்கள் மனத்தில் இருப்பது உங்கள் காரைப் போன்ற ரோட்டரி பம்ப் வண்டி. ஆனால் காமன் ரெயில் இன்ஜின் கார்களில் வந்தே கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 அதைக் கொண்டுவந்தது. இன்று பழையதாகி, விலை இறங்கி, வீட்டில் ஸ்பானர் பிடிப்பவர்கள் கைக்கு வந்துகொண்டிருப்பவை இத்தகைய வண்டிகளே. உங்கள் இன்ஜினில் நாசில் திறப்பது ஏறக்குறைய 130 பார் அழுத்தத்தில், அதுவும் துடிப்புத் துடிப்பாக. காமன் ரெயிலின் முதல் தலைமுறையிலேயே 1350 பார் வரை அழுத்தம் ஏறும். அந்தத் தடித்த குழாயில் அது இடைவிடாமல் தேங்கி நிற்கும். அங்கே நட்டைத் தளர்த்தினால் டீசல் சொட்டாது, கண்ணுக்குத் தெரியாத ஊசியாகப் பாயும்.

அந்த ஊசி கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே தெரிவது சிவந்த சிறு புள்ளி. முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கும், உள்ளே தசை அழுகும், அறுவை சிகிச்சை தாமதமானால் விரலையே எடுக்க நேரும். உங்கள் 130 பார் இன்ஜினிலும் பீறிடும் டீசலுக்கு எதிரே கையைக் காட்டக் கூடாது. அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் கசிவைத் தேட வேண்டும். "பழைய டீசலில் யாரும் செய்யக்கூடிய சோதனை" என்று நீங்கள் எழுதிய ஒரு வரி, நாளைக் காலையில் ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கும்.

வாரக்கடைசி மெக்கானிக்:

இதற்கு எதிர்வாதம் இல்லை. அந்தப் பதிவில், ரோட்டரி அல்லது இன்லைன் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பிளஞ்சர் வரிசையாக உள்ள) பம்ப் இன்ஜினுக்கு மட்டும் என்று இப்போதே திருத்திவிட்டேன். புதுக்கை அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன்: காமன் ரெயில் என்றதும் அவர் பானெட்டை மூடிவிட்டு நேராகப் பட்டறைக்குத்தான் போக வேண்டுமா? எனக்குச் சொன்னதுபோல அவருக்கும் ஒரே பார்வையில் எல்லா இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்வார்கள்.

பம்ப் பட்டறை:

போக வேண்டாம். வீட்டில் செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று அவருக்கும் உண்டு. அழுத்தம் ஏறிய பக்கத்தைத் தொடாமல், ரிட்டர்ன் பக்கத்தில் செய்வது. புதுக்கை அவர்களே, முதலில் உங்கள் இன்ஜினின் கையேட்டில் இன்ஜெக்டர் சோலனாய்டு (மின்காந்தத்தால் திறப்பது) வகையா, பீசோ (மின்சாரத்தில் விரியும் படிகத்தால் திறப்பது) வகையா என்று பாருங்கள். பீசோ என்றால் இதைச் செய்யாதீர்கள், அதன் ரிட்டர்ன் குழாயில் குறிப்பிட்ட அழுத்தம் இருந்தாக வேண்டும். சோலனாய்டு என்றால், ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் உள்ள மெல்லிய ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விடுங்கள். கழற்றிய ரிட்டர்ன் லைனின் வாயை அடைக்க மறக்காதீர்கள். குழாய்கள் மின்விசிறியிலோ பெல்ட்டிலோ சிக்காமல் கட்டிவிட்டு, இன்ஜினைச் சூடாக்கி, மூன்று நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு நிறுத்துங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

புதுக்கை:

சோலனாய்டு வகைதான். நேற்று மாலை செய்து பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய பாட்டில்களில் அடிமட்டத்தில் விரற்கடை அளவு டீசல்தான் இருந்தது. மூன்றாவது பாட்டில் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது.

பம்ப் பட்டறை:

ரெயிலில் ஏற வேண்டிய டீசல் அந்த மூன்றாவது இன்ஜெக்டர் வழியாகத் திரும்பி ஓடிவிடுகிறது. சூடானதும் ஸ்டார்ட் ஆகத் தாமதிப்பதற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஒன்றை மட்டும் சோதனை மேஜையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கையும் மாற்றச் சொன்னால் பாட்டில்களின் படத்தைக் காட்டுங்கள். புதிய இன்ஜெக்டர் போடும்போது அடியில் இருக்கும் செம்பு வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். பழையதைத் திரும்பப் போட்டால் பக்கவாட்டில் வாயு கசிந்து, சுற்றிலும் தார் போலக் கரி இறுகிவிடும். அதன் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணை வண்டியின் கணினியில் ஏற்றினார்களா என்றும் கேளுங்கள்.

கரும்புகை எதிரி:

வாரக்கடைசி மெக்கானிக் அவர்களைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டேன். முழுச்சுமை ஸ்குரூவைத் திருகுபவர்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.