என்ஜின் ஜாமா, வெளியே ஏதாவது பிடித்திருக்கிறதா?

படகு என்ஜின் சுற்றவில்லை என்றால் பலரும் உடனே சொல்வது, "ஜாம் ஆயிடுச்சு, ஹெட்டைக் கழட்டணும்." சேலத்தில் பம்புசெட் டீசல் என்ஜின் வேலைதான் என் பிழைப்பு. பூலாம்பட்டிப் பக்கம் படகு வேலைக்கும் கூப்பிடுவார்கள். அங்கே கதவணையில் காவிரி தேங்கி நிற்பதால் அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறது.

ஒரு படகில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) 'டக்' என்று அடித்து நின்றுவிடும். பேட்டரி புதுசு. முன்னால் பார்த்தவர் லைனர், பிஸ்டன் எல்லாவற்றுக்கும் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். கியர் கேபிள் துருவேறி நியூட்ரலுக்கு வரவில்லை. சரி என்று என்ஜினையும் புரொபெல்லரையும் இணைக்கும் ஷாஃப்ட் கப்ளிங் போல்ட்டைக் கழற்றிவிட்டு கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டேன். என்ஜின் லேசாகச் சுற்றியது. புரொபெல்லர் பக்கம் நைலான் வலை சுற்றி, உருகி, கட்டியாக இறுகியிருந்தது. அறுத்து எடுத்ததோடு வேலை முடிந்தது. செல்ஃப் பல் பிளைவீலில் மாட்டிக்கொண்டாலும் இதே 'டக்'தான். அதனால் செல்ஃபையும் கழற்றிப் பார்த்துவிடுவேன்.

ஷாஃப்டையும் செல்ஃபையும் கழற்றிய பிறகும் சுற்றவில்லை என்றால்தான் உள்ளே கோளாறு. அதிலும் கை சொல்லிவிடும். கொஞ்சம் சுற்றி, ஒரே இடத்தில் சுவரில் முட்டியது போல் நின்று, பின்பக்கம் நன்றாகத் திரும்பினால் சிலிண்டருக்குள் தண்ணீர். மழையில் சும்மா நின்ற படகுகளில் சைலன்சர் வழியாக இறங்கிவிடும். இந்த நிலையில் செல்ஃப் அடிக்கவே கூடாது, தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். முகத்தைத் தள்ளி வையுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். எந்தப் பக்கமும் அசையவே இல்லையா, அது துரு, அல்லது சூட்டில் பிடித்த பிஸ்டன்.

*ஏற்காட்டிலிருந்து ஒருவர்:*
அண்ணா, எங்கள் எஸ்டேட் குட்டைப் படகில் சின்ன அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் என்ஜின்), டூ ஸ்ட்ரோக். கயிறு இழுக்கவே வரவில்லை, ஜாம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். கியரில் இருந்தால் கயிற்றைப் பூட்டிவிடும் அமைப்பு பல மாடல்களில் உண்டு. அதுதானோ என்று நியூட்ரலில் போட்டேன், அப்போதும் வரவில்லை. கயிற்று மூடியைக் கழற்றி பிளைவீலைக் கையால் திருப்பினால் சுற்றுகிறது! ஸ்பிரிங் அறுந்து உள்ளே மாட்டியிருந்தது.

*மேட்டூரிலிருந்து ஒருவர்:*
அணையில் தண்ணீர் இறங்கி என் படகு சேற்றிலேயே கிடந்துவிட்டது. டீசல் என்ஜின், ஒரு இம்மிகூட நகரவில்லை. அப்படியே பிரித்து சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டியதுதானா?

*முதலில் எழுதியவர்:*
அவசரம் வேண்டாம் தம்பி. நாசில் ஓட்டை வழியாக டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிடுங்கள், ஒரே ராத்திரியில் விடாது. அப்புறம் ஸ்பேனரால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். பைப் சொருகி ஏறி மிதித்தால் ரிங் உடையும். நகர்ந்ததும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். நாசில் வெளியிலேயே இருக்கட்டும், ஊற்றியதெல்லாம் சுற்றி வெளியேறட்டும். ஆயில் மாற்றிவிட்டு கம்ப்ரஷன் பாருங்கள். அது குறைவாக இருந்தால் ஹெட்டைக் கழற்றலாம்.