பச்சையின் அடர்த்தியை நம்பிய நாள்கள்

பகிர்வு 1: ஆய்வக மாணவி

மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நன்னீர் நீலப்பச்சைப் பாசியை வளர்க்கத் தொடங்கிய முதல் மாதங்களில், குடுவை எவ்வளவு அடர்பச்சையாக இருக்கிறதோ அவ்வளவு நச்சும் அதில் இருக்கும் என்றே எண்ணியிருந்தேன். நாங்கள் பயன்படுத்தும் பிஜி-11 என்னும் பாசி வளர்ப்புச் சத்துக்கரைசலில் லிட்டருக்கு 1.5 கிராம் சோடியம் நைட்ரேட் சேர்ப்போம். பாஸ்பேட் உப்போ 0.04 கிராம்தான். ஒரு தொகுதியில் நைட்ரேட்டையும் மற்றொன்றில் பாஸ்பேட்டையும் வெகுவாகக் குறைத்து, இரண்டையும் அருகருகே வளர்த்தேன்.

நைட்ரேட் குறைந்த குடுவைகள் சில நாள்களிலேயே நீலம் இழந்து மஞ்சளித்தன. நைட்ரஜனுக்காகச் செல்கள் தம்முடைய ஃபைகோசயனின் என்னும் நீல நிறமியையே சிதைத்துக்கொள்வதால் நேரும் மாற்றம் இது. செல் ஒன்றுக்கான மைக்ரோசிஸ்டின் என்னும் நச்சின் அளவும் அவற்றில் குறைந்திருந்தது. ஏழு அமினோ அமிலங்களாலான வளையமான அந்த நச்சில், எல்ஆர் எனப்படும் ஒரு வகையின் மூலக்கூறு ஒன்றுக்கு மட்டும் 10 நைட்ரஜன் அணுக்கள் தேவைப்படுகின்றன. மைக்ரோசிஸ்டிஸுக்கோ காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்தும் (தனக்குப் பயன்படும் வடிவமாக மாற்றும்) திறன் இல்லை.

பாஸ்பேட் குறைந்த குடுவைகள் உடனே தளரவில்லை. முன்பே பாலிபாஸ்பேட்டாக, அதாவது செல்லுக்குள் பாஸ்பேட் சங்கிலிகளாக, சேமித்து வைத்திருந்ததைக் கொண்டு சில முறை பிரிந்து பெருகிய பிறகே அவற்றின் வளர்ச்சி நின்றது. சோதனையை ஒரே வாரத்தில் முடித்திருந்தால், வளர்ச்சியில் பாஸ்பரஸுக்குப் பங்கே இல்லை என்று எழுதியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் அச்சமாக இருக்கிறது.

பகிர்வு 2: நீர்த்தேக்கக் கண்காணிப்பாளர்

சகோதரி, நீங்கள் குடுவையில் கண்டதை அப்படியே நீர்நிலைக்குப் பொருத்தி, நைட்ரஜனை மட்டும் குறைத்தால் போதும் என்று யாரும் முடிவுசெய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள 227ஆம் எண் ஏரியில் ஆய்வுக்காக 1969 முதல் பாஸ்பரஸும் நைட்ரஜனும் சேர்த்து வந்தார்கள். 1990 முதல் நைட்ரஜனை நிறுத்திவிட்டு பாஸ்பரஸை மட்டும் சேர்த்தபோதும், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பெறும் பாசிகள் அங்கே தொடர்ந்து பெருகின.

எங்கள் நீர்த்தேக்கத்தில் ஒரு கோடையில் கரையோரம் தடித்த படலம் மிதந்தபோது நச்சு குறைவாகவே இருந்தது. அடுத்த கோடையில், நீர் இளம்பச்சையாக மட்டும் தெரிந்த ஒரு நாளில், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்னும் நீண்டகால வரம்பை மைக்ரோசிஸ்டின் தாண்டியிருந்தது. ஒரே இனத்திற்குள்ளேயே நச்சு மரபணுக்கள் உள்ளவையும் இல்லாதவையும் கலந்து வாழ்வதால், பச்சையத்தை மட்டும் அளந்து வந்த எங்களுக்கு இந்த வேறுபாடு புலப்பட வழியே இருந்திருக்கவில்லை.

இப்போது நைட்ரேட், அம்மோனியம், மொத்த பாஸ்பரஸ் மூன்றையும் அளக்கும் அதே நாளில் நீர் மாதிரியை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒரு பாதியை வடிகட்டிக் கரைந்துள்ள நச்சைப் பார்க்கிறோம்; மறுபாதியை மும்முறை உறையவைத்து உருக்கி, செல்களை உடைத்த பிறகு மொத்த நச்சை அளக்கிறோம்.