எஸ்.எஸ்.எல்.வி. முதல் பறப்பு: தாண்டிக்குடியில் பார்த்தது

தாண்டிக்குடியிலிருந்து:

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை காலை 9.18. சின்ன செயற்கைக்கோள்களை ஏவும் இஸ்ரோவின் ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. முதன்முதலாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எங்கள் தெருவில் நேரலை பார்க்க ஆள் கூடியதற்குக் காரணம் அதில் இருந்த ஆசாதிசாட். நாடெங்கும் அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் சேர்ந்து செய்த செயற்கைக்கோள். மலைக்குக் கீழே திருமங்கலம் பெண்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. அக்கா மகளுக்கு அது போதாதா? சிக்னல் கிடைக்கும் ஒரே ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்து, காலையிலிருந்தே காத்திருந்தாள்.

ராக்கெட்டின் திட எரிபொருள் அடுக்குகள் (நிலைகள்) மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து முடிந்தன. அங்கே கைதட்டினார்கள், நாங்களும் தட்டினோம். அப்புறம் கட்டுப்பாட்டு அறையில் பேச்சு குறைந்துபோனது. அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் வந்து, கடைசிக் கட்டத்தில் தரவு இழப்பு தெரிகிறது, ஆராய்கிறோம் என்றார்.

"எல்லாம்தான் சரியா எரிஞ்சுச்சே மாமா, அப்புறம் என்ன?"

பதில் அன்றைக்கே வந்தது. 356 கி.மீ. உயர வட்டப்பாதைக்குப் பதில், மிக உயரத்தில் 356, மிகத் தாழ்வில் 76 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் போய்விட்டது. 76 கி.மீ.யில் காற்று இழுத்துவிடும், செயற்கைக்கோள் நிற்காது. அவள் அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

காரணத்தைப் பிறகு படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாம் நிலை கழன்ற நேரத்தில் கண் இமைக்கும் பொழுதுக்கு ஓர் அதிர்வு. முடுக்கத்தை அளக்கும் சென்சார்கள் எல்லாமே அந்தக் கணத்தில் தங்களால் அளக்க முடிந்த எல்லையைத் தாண்டிவிட்டன. மென்பொருள் அவற்றைப் பழுது என்று முடிவு கட்டி, அவற்றின் பேச்சைக் கேட்பதையே நிறுத்திவிட்டு, அவசர வழிக்கு மாறியது. அதனால்தான் பாதை தவறியது. உண்மையில் எந்தச் சென்சாரும் கெடவில்லை. ராக்கெட் நன்றாக இருந்தும், தனக்கு உடம்பு சரியில்லை என்று அதுவே நம்பிவிட்டது.

நான் பம்ப்செட் மோட்டார் வேலை பார்க்கிறவன். இது எனக்குத் தெரிந்த கதை. மலையில் கரண்ட் லேசாகத் துடித்தாலும் ஸ்டார்ட்டரில் உள்ள பிரிவென்டர் (மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டாரைக் காக்கும் கருவி) மோட்டாரை நிறுத்திவிடும். மோட்டாரில் குறையே இருக்காது. பலர் எரிச்சலில் பிரிவென்டரையே கழற்றி நேராக இணைத்துவிடச் சொல்வார்கள். அடுத்த முறை நிஜமாகவே ஒரு பேஸ் போகும்போது மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். இஸ்ரோ அப்படிச் செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். பழுதைக் கண்டுபிடிக்கும் அந்த மென்பொருளை வைத்துக்கொண்டே, அது அவசரப்படாதபடி திருத்தினார்கள். அதோடு விடாமல், இரண்டாம் நிலையின் பிரிப்பு அமைப்பையே அதிர்வு குறைந்ததாக மாற்றினார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ராக்கெட் பறக்கும்போது அனுப்பிய எண்கள் இருந்ததால்தான் இதெல்லாம் கைக்குக் கிடைத்தது.

2023 பிப்ரவரி 10-இல் இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. 450 கி.மீ.யில் சரியாகக் கொண்டுபோய் விட்டது. ஆசாதிசாட்-2-உம் அதில் இருந்தது. அக்கா மகள் பள்ளியில் இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

கோத்தகிரியிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, நான் பார்த்தது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ராட்சத ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பின் முதல் முழுப் பறப்பு. 2023 ஏப்ரல் 20, டெக்சாஸில் காலை, நமக்கு இரவு 7.03. கட்டட வேலை என் தொழில், அதனால் கண் தரையிலேயே இருந்தது. கீழ்ப்பகுதியான பூஸ்டரின் 33 இஞ்சின்களில் சில கிளம்பும்போதே வேலை செய்யவில்லை. எரிந்தவற்றின் வேகத்துக்கே ஏவுதளக் கான்கிரீட் பெயர்ந்து பாளம் பாளமாகப் பறந்தது. நாலு நிமிடத்தில் ராக்கெட் சுழன்று சிதறியது. வழிதவறினால் ராக்கெட்டைத் தகர்க்கும் கட்டளை வேலை செய்த பிறகும் அது உடைய 40 நொடிகள் பிடித்ததாம். ஆளில்லாக் கடல் மேல் என்றாலும், அந்த 40 நொடிதான் எனக்குப் பயமாக இருந்தது. அதையும் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்ததை ஏவினார்கள்.

தளத்தில் இன்னும் கெட்டியான கான்கிரீட் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் துளையுள்ள இரும்புத் தட்டைப் பதித்து, அடியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினார்கள். நவம்பர் 18-இல் இரண்டாவது பறப்பு. 33-உம் எரிந்தன, ராக்கெட் அன்றும் பிழைக்கவில்லை, தளம் மட்டும் நின்றது.

எஸ்.எஸ்.எல்.வி.யின் அந்தப் பிரிப்பு அமைப்பில் எதை மாற்றி அதிர்வைக் குறைத்தார்கள் என்று எங்காவது படித்திருந்தால் எழுதுங்கள் அண்ணா.