ஏசித் தண்ணீரில் போன அடீனியம்

ஷார்ஜாவில் மேற்குப் பார்த்த பால்கனி. மதியத்துக்கு மேல் டைல்ஸில் வெறுங்கால் வைக்க முடியாது. ரோஜா கருகியது, மல்லிகை ஒரு கோடையோடு சரி. அப்புறம்தான் அடீனியம் வாங்கினேன். பாலைவன ரோஜா என்று பேர்தானே தவிர ரோஜாவுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம் அரளியின் பங்காளி. கிள்ளினால் அதே விஷப்பால். வெட்டிவிட்டுக் கண்ணைக் கசக்கிவிடாதீர்கள்.

வெயிலில் அது சாகவில்லை. ஆகஸ்டில் 20 நாள் ஊருக்குக் கிளம்பும்போது, யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று பயந்து, பக்கத்து ரூம்காரரின் ஏசி குழாய் சொட்டும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் இலையெல்லாம் மஞ்சள். பருத்த அடித்தண்டைக் கட்டைவிரலால் அமுக்கினேன். கனிந்த தக்காளி மாதிரி உள்ளே போனது. கத்தியால் சீவச் சீவப் பழுப்பு, நாற்றம். வெள்ளைச் சதை வரும்வரை சீவியதில் மிஞ்சியது ஒரு கைப்பிடி. சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைப் பொடி தடவி, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி நட்டேன். பிழைக்கவில்லை.

பாலைவனச் செடிதானே என்று ஊர் தாண்டிப் போய் மணல் அள்ளி வந்தது இன்னொரு கூத்து. இந்த மணல் மாவு மாதிரி நைஸ். தண்ணீர் பட்டால் இறுகிவிடும். இப்போது இருக்கும் செடிக்கு மண் கலவையில் பாதிக்கு மேல் பெர்லைட்டும் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) பொடிச் சரளையும்தான். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேரை வேகவைக்கிறது என்று மண் தொட்டிக்கு மாறினேன். தினமும் ஒரு அமுக்கு: மண் காய்ந்து தண்டு தளர்ந்தால் தாகம், மண் ஈரமாக இருக்கும்போதே தளர்ந்தால் அழுகல். குளிரில் இலை கொட்டும். வாடுகிறதே என்று ஊற்றினீர்களோ, போச்சு.

—

நான் மஸ்கட். அடீனியம் என்ற பேரே ஏமனின் ஏடனிலிருந்து வந்ததுதான், இந்தப் பக்கத்துச் செடி. தெற்கு ஓமானில் சலாலாவிலிருந்து முக்சைல் கடற்கரை தாண்டி மலைப்பாதையில் போனபோது காட்டுச் செடியைப் பார்த்தேன். பாறை இடுக்கில், ஒரு இலை இல்லை, கிளை நுனியெல்லாம் இளஞ்சிவப்புப் பூ. தண்டு யானைக்கால் மாதிரி. யார் தண்ணீர் ஊற்றினார்கள்? கரீஃப் மழைக்காலத் தூறலும் பனிமூட்டமும் மட்டும்தான். வந்ததும் முதல் வேலையாக என் தொட்டிக்கடியில் தண்ணீர் தேங்கும் தட்டை எடுத்துவிட்டேன்.

—

ரியாத்திலிருந்து. அவசரக்காரர்களுக்கு டேபிள் ரோஸ் போதும், ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும், வெயில் ஏறினால்தான் விரியும்.

அடீனியத்தில் என் அனுபவம் விதை. மாட்டுக்கொம்பு மாதிரி இரட்டைக் காய் காய்த்தது. வெடித்தால் பறந்துவிடுமே என்று நூலால் கட்டி வைத்தேன். தாய்ச்செடி கருஞ்சிவப்பு அடுக்குப் பூ, ஒட்டுக் கட்டியது. ஒன்றரை வருஷம் காத்திருந்து குட்டி பூத்தது: ஒற்றை அடுக்கு, வெளிறிய இளஞ்சிவப்பு. ஒட்டுச்செடியின் விதை அப்படியே வராது என்று அப்புறம்தான் தெரிந்தது. தூக்கிப் போட மனசில்லை, ஜன்னலோரம் நிற்கிறது.