ஓவர்ரைடிங்: மேலெழுதலா, மறித்தலா?

அண்ணாச்சி, வணக்கம்.

நிரலாக்கத்தில் வரும் 'ஓவர்ரைடிங்' என்பதற்கு நீங்கள் சொன்ன 'மேலெழுதல்' எனக்கு ஒப்பவில்லை. தாய் இனக்குழுவில் (கிளாஸ்) இருக்கும் வழிமுறையை (மெத்தட்) அதன் சேய் இனக்குழு அதே பெயரில் தன் போக்கில் எழுதிக்கொள்வதுதானே அது? கோப்பை மேலெழுதினால் பழையது போச்சு. இங்கே தாய் இனக்குழுவின் வழிமுறை அழியாமல் கிடக்கிறது. சேய் 'சூப்பர்' என்று கூப்பிட்டால் வந்து நிற்கிறது. 'மீறல்' அதைவிட மோசம். சி++ மொழியில் தாய் 'வெர்ச்சுவல்' என்று இடம் கொடுத்தால்தானே இது நடக்கும்? 'மறுவரையறை' தப்பில்லை, ஆனால் ஒரே கோப்பில் ஒரு செயற்கூற்றை (பங்ஷன்) இரண்டாம் முறை எழுதினாலும் அதே பெயர்தான்.

எங்கள் தோவாளைப் பக்கத்து வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வரும்போது முதல் வயல்காரர் மண்ணை வெட்டிப் போட்டு மறித்துத் தன் வயலுக்குத் திருப்புவார். மறிக்காவிட்டால் அடுத்த வயல், அதற்கடுத்தது என்று கடைமடை வரை ஓடும். அழைப்பும் அப்படித்தான். முதலில் சேயிடம் வருகிறது. அங்கே அந்த வழிமுறை இருந்தால் நின்றுவிடும், இல்லையென்றால் தாய், பாட்டி என்று போகும். ஜாவா மொழியில் கடைமடை, எல்லா இனக்குழுக்களுக்கும் மூத்த தாயான 'ஆப்ஜெக்ட்'. சூப்பர் என்பது போட்ட மண்ணைக் கொஞ்சம் விலக்கி அடுத்த வயலுக்கும் விடுவது. அதனால் 'மறித்தல்' என்கிறேன்.

போன வாரம் என்னிடம் படிக்கும் பையன் ஒருவன், ஒரு பொருளை எழுத்தாக மாற்றித் தரும் 'டூஸ்ட்ரிங்' என்ற வழிமுறையின் பெயரில் பெரிய எஸ்ஸுக்குப் பதில் சின்ன எஸ் போட்டுவிட்டான். ஜாவாவுக்கு அது வேறு பெயர். மறிப்பு விழவில்லை, தண்ணீர் நேரே கடைமடைக்குப் போய்விட்டது. திரையில் இனக்குழுவின் பெயர், ஓர் 'அட்' குறி, பின்னால் புரியாத பதினாறடிமான எண். அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருந்தான். 2004-இல் ஜாவா 5 கொண்டுவந்த 'ஓவர்ரைடு' குறிப்பை மேலே போட்டிருந்தால், "தாயிடம் இப்படி ஒன்றும் இல்லையே" என்று தொகுப்பியே (கம்பைலர்) தடுத்திருக்கும். சி++-க்கு அந்த வசதி 2011-இல்தான் வந்தது.

சொல்லும் நன்றாக வளைகிறது: மறித்த வழிமுறை, மறிக்கப்பட்டது, 'பைனல்' போட்டால் மறிக்க முடியாதது. சாலை மறியல் ஞாபகம் வரும் என்பீர்கள். வரட்டும். 'வழிமறிப்பு' என்று மட்டும் நீட்டிவிடாதீர்கள், அது கொள்ளைக்காரன் வேலை.

அப்புறம், ஓவர்லோடிங்கை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். அங்கே பெயர் ஒன்று, உள்ளீடு வேறு. எது ஓடும் என்பது தொகுக்கும்போதே முடிவாகிவிடும். யாரும் எதையும் மறிப்பதில்லை. அதற்குத் தனியாகச் சொல் தேடுவோம்.