ஸ்கோப் இரண்டும் நார்மல், பி12 மட்டும் ஏறவில்லை: ஜெஜுனம் (சிறுகுடலின் நடுப்பகுதி) பைகள் காரணமா?

கேள்வி | பாலக்கோடு, மருந்தாளுநர்

70 வயது அம்மா. வயிற்று உப்புசம், எண்ணெய் மிதக்கும் பேதி, ஒரு வருஷத்தில் எடை 52 கிலோவிலிருந்து 43. ஹீமோகுளோபின் 8.2, எம்.சி.வி. (ரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவு) 112, பி12 குறைவு. ஃபோலிக் மாத்திரை எதுவும் எடுக்காமலே ஃபோலேட் அதிகம். எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி இரண்டும் நார்மல். பி12 மாத்திரை 3 மாதம் கொடுத்தும் பலனில்லை. சி.டி.யில் "ஜெஜுனத்தில் பல டைவர்ட்டிகுலா" என்று கடைசி வரியில் இருக்கிறது, அதாவது குடல்சுவர் பிதுங்கிய பைகள். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில் 1 | ஓசூர், குடல்நோய்ப் பிரிவு

கண்டிப்பாக, தம்பி. சாதாரண எண்டோஸ்கோப்பி சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்தோடு நின்றுவிடும். கொலனோஸ்கோப்பி சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தின் முனை வரைதான் போகும். நடுவிலிருக்கும் ஜெஜுனத்தை இரண்டுமே பார்ப்பதில்லை.

ரத்தக்குழாய் குடல்சுவருக்குள் நுழையும் இடம் பலவீனமானது. அங்கே உள்சவ்வு வெளியே பிதுங்கிப் பையாகிறது. பெரும்பாலும் 60 வயதுக்கு மேல்தான். பையில் சாப்பாடு தேங்கி, பாக்டீரியா பெருகும். அவை பி12-ஐத் தின்றுவிட்டு ஃபோலேட்டை உண்டாக்கும். அதனால்தான் இந்த ரிப்போர்ட்டில் ஒன்று குறைவு, இன்னொன்று அதிகம். டிராபிகல் ஸ்ப்ரு என்ற இன்னொரு உறிஞ்சல் குறைபாட்டு நோயில் பெரும்பாலும் ஃபோலேட்டும் சேர்ந்து இறங்கும். பித்த உப்பையும் அவை உடைப்பதால் கொழுப்பு கரையாமல் போய்விடும், கூடவே ஏ, டி, இ வைட்டமின்களும்.

வாயால் கொடுக்கும் பி12 முதலில் பாக்டீரியாவுக்குத்தான் போகும். 1000 மைக்ரோகிராம் ஊசியாகப் போடச் சொல்லுங்கள். ஃபோலிக் ஆசிட்டை மட்டும் தனியாகக் கொடுக்கவே கூடாது: ரத்தம் தேறும், ஆனால் பி12 குறைவால் கால் மரத்துப்போவது உள்ளுக்குள் முற்றும். நம் ஊரில் குடல் டி.பி., ஜியார்டியா (குடல் ஒட்டுண்ணி) இரண்டையும் ஒதுக்கிவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும்.

பதில் 2 | கிருஷ்ணகிரி, லேப்

குடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் குளுக்கோஸ் மூச்சுப் பரிசோதனைக்குத் தயாரிப்பு சரியில்லாவிட்டால் ரிசல்ட் வீண். 4 வாரம் ஆன்டிபயாட்டிக் கூடாது. முந்தின நாள் களி, பருப்பு, பால், வாழைப்பழம் எதுவும் வேண்டாம். வெள்ளைச் சோறும் முட்டையும் போதும். 12 மணி நேரம் வெறும் வயிறு, பீடி, வெற்றிலையும் கூடாது. வாய் கொப்பளித்துவிட்டு முதல் ஊதல், பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷத்துக்கு ஒருமுறை ஊத வேண்டும். 90 நிமிஷத்துக்குள் மூச்சிலுள்ள ஹைட்ரஜன் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) உயர்ந்தால் பாசிட்டிவ். பை குடலில் கீழே தள்ளி இருந்தால் குளுக்கோஸ் அங்கே போவதற்குள் உறிஞ்சப்பட்டுவிடும்; அப்போது நெகட்டிவ் வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது.

கேள்வி கேட்டவர்

நன்றி சார். இடுப்பு, தொடை எலும்பு வலியும் இருக்கிறது. அதற்குக் காரணம் போர் தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடு என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அமிலம் குறைக்கும் பான்டாபிரசோல் மாத்திரையும் தினமும் போகிறது.

பதில் 1 | ஓசூர், குடல்நோய்ப் பிரிவு

தர்மபுரிப் பக்கம் ஃப்ளோரைடு இருப்பது உண்மைதான், ஆனால் அதையே காரணமாக வைத்துவிடாதீர்கள். வைட்டமின் டி, கால்சியம், ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பு பாதிப்பில் ஏறும் ரத்த என்சைம்) பாருங்கள். கொழுப்போடு டி-யும் போவதால் எலும்பு மெலிந்திருக்கலாம். பான்டாபிரசோல் நிஜமாகத் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அமிலம் குறைந்தால் பாக்டீரியா இன்னும் பெருகும். பேதிக்கு லோபிரமைடு வேண்டாம், தேக்கம் கூடும்.

ரிஃபாக்ஸிமின் என்ற ஆன்டிபயாட்டிக் 550 மி.கி. தினம் 3 வேளை, 14 நாள் என்பது வழக்கமான அளவு. பைகள் அப்படியே இருப்பதால் சில மாதத்தில் திரும்ப வரலாம், அப்போது மறுபடி ஒரு சுற்று வேண்டியிருக்கும். பைகள் பரவலாக இருந்தால் வெட்டி எடுப்பது கடைசி வழிதான். திடீர்க் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், கறுப்பு மலம், வாந்தியோடு வயிறு வீங்கி மலம், வாயு எதுவும் போகாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.