கொலோன் நகரில் பேராலயம் தவிர எந்தக் கோவில்களைப் பார்க்கலாம்?

கீழவெளிவீதி ஜோ:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். அடுத்த மாதம் அப்பாவும் நானும் போகிறோம். கொலோனில் ஒரு சனி, ஞாயிறு தங்குவோம். அப்பா மதுரையில் காலமெல்லாம் கொத்தனார் வேலை பார்த்தவர். பேராலயத்துக்குப் போகத்தான் போகிறோம். மற்ற கோவில்கள் எல்லாம் இரண்டாம் உலகப்போரில் இடிந்து திரும்பக் கட்டியவை, அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அப்பாவோ, "இடிஞ்சதை எப்படி எடுத்துக் கட்டுனாங்கன்னுதான் நான் பார்க்கணும்" என்கிறார். 2018 பிப்ரவரியில் மீனாட்சி கோவிலில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததிலிருந்தே அவருக்கு இதே நினைப்பு. எங்கெல்லாம் கூட்டிப் போகலாம்?

அண்ணாநகர் மெர்சி:
தம்பி, அப்பா சொல்வதுதான் சரி. கொலோனில் பல வருடம் குடியிருந்தவள் நான். அந்த ஊரில் 12 பெரிய ரோமனெஸ்க் கோவில்கள் உண்டு (தடித்த சுவரும் அரைவட்ட வளைவுமாகக் கட்டும் பழைய ஐரோப்பியப் பாணி அது). 1942 மே மாதக் கடைசியில் ஒரே ராத்திரியில் ஏறக்குறைய ஆயிரம் விமானங்கள் வந்து குண்டு போட்டன. 1945 மார்ச் வரை அந்த ஊருக்கு நிம்மதியே இல்லை. கோவில்களைத் திரும்ப எழுப்பிப் பெரும்பாலும் முடிக்க 1985 ஆகிவிட்டது.

முதலில் மரியா இம் கபிட்டோல் போங்கள். 1065-ல் அர்ச்சிக்கப்பட்டது. மூன்று இதழ் விரிந்த மாதிரி பீடப்பகுதி. குண்டுக்குத் தப்பி நின்ற கிழக்குப் பக்கம், போர் முடிந்தபிறகு 1948-ல் சரிந்து விழுந்தது. இன்று நிற்பது அதற்கப்புறம் எடுத்துக் கட்டியது. ஆனால் உள்ளே இருக்கும் மரக்கதவுகள் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இயேசுவின் வாழ்க்கையைக் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள்.

அடுத்தது கொலும்பா. கோவில் நொறுங்கியபோது ஒரு தூணில் இருந்த மாதா சுரூபம் மட்டும் தப்பியது. 1950-ல் கட்டடக் கலைஞர் கோட்ஃப்ரீட் போம் அந்த மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார். 2007-ல் பீட்டர் சும்தோர் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் அதையும் இடிபாட்டையும் உள்ளடக்கி ஒரு அருங்காட்சியகம் எழுப்பினார். அப்பாவை இங்கே சுவரோரமாக நிறுத்துங்கள். உடைந்த பழைய கல்சுவரின் மேடுபள்ளத்தை வெட்டிச் சமமாக்காமல், அதன் மேலேயே சாம்பல் நிறச் செங்கல்லை ஏற்றியிருக்கிறார்கள். மேலே செங்கல்லுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பதால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக உள்ளே விழும். பழையது எது, புதியது எது என்று ஒளிக்கவே இல்லை. கொத்தனாருக்கு இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் கிடையாது. பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், செவ்வாய் விடுமுறை.

பழைய ஆல்பன் கோவிலையும் விடாதீர்கள். கூரை போடாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். உள்ளே மண்டியிட்ட தாய் தகப்பன் சிலை. முதல் உலகப்போரில் மகனைப் பறிகொடுத்த கெத்தே கொல்விட்ஸ் செய்த சிலையின் நகல் அது.

திண்டுக்கல் ஆரோக்கியம்:
நானும் பார்த்திருக்கிறேன். ஆல்பனை அப்படி விட்டது மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை. கோவில் என்றால் பூசை நடக்கணும், மணி அடிக்கணும். அந்த வகையில் ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய மார்ட்டின் கோவில் எனக்குப் பிடித்தது. கோபுரமே சிதைந்துபோயிருந்தது, அதே பழைய வடிவில் நிறுத்திவிட்டார்கள். கீழே இறங்கினால் ரோமானியர் காலத்துச் சுவர்களும் உண்டு.

அண்ணாநகர் மெர்சி:
மார்ட்டின் அருமையான கோவில்தான், அண்ணே. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே குண்டு விழுந்ததே தெரியாமல் போய்விடுகிறது. எதை முழுசாக எழுப்புவது, எதை விடுவது என்று அந்த ஊர்க்காரர்கள் பல வருடம் வாதாடியிருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் போய் நிற்க ஒரு இடம் வேண்டாமா? ஆல்பன் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

கீழவெளிவீதி ஜோ:
ரொம்ப நன்றி அக்கா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பேராலயத்துக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்கிறார்.

அண்ணாநகர் மெர்சி:
ஆகாமலா! 14 பெரிய குண்டு விழுந்தும் விழாமல் நின்றது. 1943-ல் வடக்குக் கோபுரத்தின் மூலைத் தாங்குதூண் பெயர்ந்துவிட, கோபுரம் சாயாமல் இருக்க அவசர அவசரமாகச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அது பல வருடம் அப்படியே வெளியே தெரிந்துகொண்டிருந்தது. 2005-க்குள் மேலே கல் போர்த்தி மூடிவிட்டார்கள். செங்கல் உள்ளே இன்னமும் இருக்கிறது. எந்த இடம் என்று கொத்தனார் கண்ணுக்குப் பிடிபடுகிறதா என்று கேளுங்கள். ஞாயிறு காலை பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள்.